விழுந்த பல்லைக் காய விடாதீர்கள்

பள்ளி மைதானத்தில் மோதியோ மாடிப்படியில் தடுக்கியோ குழந்தையின் முன்பல் வேரோடு கழன்று விழுந்துவிட்டால், அந்தப் பல் பிழைக்குமா என்பது பல் மருத்துவரிடம் வந்து சேர்வதற்கு முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவில் நாங்கள் பார்ப்பது இதுதான்: டிஷ்யூ பேப்பரில் சுற்றிய பல், ஜியாமெட்ரி பாக்ஸில் போட்ட பல், கர்ச்சீப்பில் முடிந்த பல். பத்திரமாகக் கொண்டுவந்திருப்பார்கள், ஆனால் காய்ந்து போயிருக்கும்.

வேரின் மேல் மெல்லிய ஈரப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். பல்லை எலும்போடு பிணைக்கிற நார்களும் உயிரணுக்களும் அதில்தான் இருக்கின்றன. காற்றில் அரைமணி நேரம் உலர்ந்தாலே அவற்றில் பெரும்பாலானவை செத்துவிடும். 60 நிமிடம் தாண்டினால் பிழைப்பதாகக் கணக்கில் கொள்வதில்லை. அடுத்த சில நிமிடங்களில் செய்வதெல்லாம் அந்தப் படலத்தைக் காப்பாற்றத்தான்.

அதற்கும் முன்னால் குழந்தையைப் பாருங்கள். நினைவு தப்பியதா, வாந்தி எடுக்கிறதா, தூங்கித் தூங்கி விழுகிறதா, பேச்சு குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைத்துப் பொது மருத்துவமனைக்குத்தான் முதலில் போக வேண்டும். பல்லைப் பாலில் போட்டுக் கூடவே எடுத்துப் போங்கள். ஈறிலோ உதட்டிலோ ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நொடிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தால் நிற்காது. காயத்தில் காபித்தூளோ மஞ்சள்தூளோ வேண்டவே வேண்டாம்.

அடுத்து, விழுந்தது பால்பல்லா நிலைப்பல்லா? ஏழெட்டு வயதில்தான் பெரும் குழப்பம். பால்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரை மேல் எறிகிற பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்த எண்ணத்திலேயே நிலைப்பல்லையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தானாக ஆடி விழுந்த பால்பல்லில் வேர் கரைந்து ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. நிலைத்த மேல் நடுப்பல் வெளியே தெரியும் பாகத்தில் சுமார் 8.5 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், சற்று மஞ்சள் தட்டும், புதிதாக முளைத்ததானால் விளிம்பு ரம்பம் போல இருக்கும். பால்பல் சுமார் 6.5 மில்லிமீட்டர்தான், பால் நிறம். அடிபட்டு விழுந்த பால்பல்லிலும் வேர் இருக்கலாம் என்பதால் வேரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சந்தேகமாக இருந்தால் பாலில் போட்டுக் கொண்டு வாருங்கள், நாங்கள் பார்த்துச் சொல்கிறோம்.

பால்பல் என்று உறுதியானால் அதைத் திரும்பப் பொருத்தவே கூடாது. அதன் வேருக்கு மேலே எலும்புக்குள் நிலைப்பல்லின் முளை வளர்ந்துகொண்டிருக்கிறது. திருப்பிச் செருகும் பால்பல் அந்த முளையைக் குத்தினால் பின்னால் வரும் பல் கறையோடும் பள்ளத்தோடும் வரும். அடிபட்டு உள்ளே அமுங்கிய பால்பல்லையும் பிடித்து இழுக்காதீர்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும்.

நிலைப்பல் என்றால் உடனே தேடி எடுங்கள். வெண்மையான மேல்பாகத்தை மட்டும் பிடியுங்கள், வேரில் விரல் படக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ (மருத்துவத்துக்கான உப்புநீர்) மெதுவாக அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 10 விநாடி காட்டினால் போதும். சோப்பு, டெட்டால், பிரஷ், துணியால் துடைப்பது எல்லாமே அந்தப் படலத்தை உரித்துவிடும். 'நல்லா சுத்தமா தேச்சுக் கழுவிட்டுத்தான் கொண்டு வந்தோம்' என்று பெற்றோர் சொல்லும்போது எங்களுக்கு மனம் கனத்துவிடும்.

குழந்தை நினைவோடு, ஓரளவு ஒத்துழைத்தால் அந்த இடத்திலேயே பல்லைக் குழியில் திருப்பி வைப்பதுதான் எல்லாவற்றையும் விட நல்லது. புடைத்து வழவழவென்று இருப்பது உதட்டுப் பக்கம். உட்குழிந்திருப்பது நாக்குப் பக்கம். விரலால் லேசாக அழுத்தினால் உள்ளே இறங்கும். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வந்ததும் மடித்த கர்ச்சீப்பைக் கடிக்கச் சொல்லி, அப்படியே பல் மருத்துவரிடம் கூட்டி வாருங்கள். சற்றுக் கோணலாக நின்றாலும் கவலை வேண்டாம், நாங்கள் சரிசெய்துகொள்வோம். இறங்க மறுத்தால் பலவந்தம் வேண்டாம். குழியில் ரத்தம் உறைந்திருக்கலாம், எலும்பு உடைந்திருக்கலாம். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கிற குழந்தை, கடுமையான இதய நோயுள்ள குழந்தை என்றால் நீங்களாகப் பொருத்தாமல் பாலில் போட்டே கொண்டு வாருங்கள்.

பால் என்றால் பாக்கெட்டைக் கத்தரித்த குளிர்ந்த பால். அடுப்பிலிருந்து இறக்கிய சூடான பால் உயிரணுக்களைக் கொன்றுவிடும். சர்க்கரை, பூஸ்ட் கலந்தது, தயிர், மோர் எதுவும் ஆகாது. மூடியுள்ள சின்ன டப்பாவில் பல் முழுவதும் மூழ்கும் அளவு ஊற்றுங்கள். பால் கிடைக்காத இடத்தில் குழந்தையின் எச்சிலைக் கப்பில் துப்பச் சொல்லி அதில் பல்லைப் போடலாம்; சலைனும் சரிதான். தண்ணீரில் நெடுநேரம் ஊறினால் உயிரணுக்கள் உப்பி வெடிக்கும், என்றாலும் காய விடுவதற்கு அது மேல். இளநீரை வைத்து ஆய்வகச் சோதனைகள் நடந்திருக்கின்றன, ஆனால் அதன் புளிப்புத்தன்மை ஒரு குறை. தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் கிடைக்கிற ஊரில் இளநீரைத் தேடி ஓட வேண்டியதில்லை.

எத்தனை மணிக்கு விழுந்தது, எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது, எதில் போட்டீர்கள் என்பதை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்து வாருங்கள். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுதான், சிகிச்சை முறையும் அதைப் பொறுத்தே மாறும். தடுப்பூசி அட்டையும் வேண்டும்: மண்ணில் விழுந்த காயத்துக்கு டெட்டனஸ் ஊசி தேவையா என்று பார்ப்போம். பல்லோ உடைந்த துண்டோ எங்கு தேடியும் அகப்படவில்லையென்றால் அதையும் சொல்லுங்கள். உதட்டுக்குள் புதைந்திருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்துத்தான் தெரியும்.

நாற்காலியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, குழியைச் சலைனால் அலசி, பல்லை நிறுத்துவோம். பிறகு 0.4 மில்லிமீட்டருக்கு மேற்படாத மெல்லிய கம்பியைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்துப் பசைப்பொருளால் ஒட்டுவோம். 'கெட்டியான கம்பியாப் போடுங்க டாக்டர்' என்பார்கள். கம்பி கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கத்தான் வேண்டும்; அசைவே இல்லாமல் இறுக்கினால் வேர் எலும்போடு ஒட்டிப்போகும். இரண்டு வாரம் கம்பி இருக்கும், எலும்பும் உடைந்திருந்தால் நான்கு வாரம். உதடு மரத்திருக்கும் இரண்டு மூன்று மணி நேரம் குழந்தையைக் கண்காணியுங்கள். வலி தெரியாததால் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும்.

வீட்டில் இரண்டு வாரம் குழைந்த சாதம், இட்லி, மசித்த காய் கொடுங்கள். முறுக்கும் கரும்பும் வேண்டாம். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பின்னும் மென்மையான பிரஷ், காலையும் மாலையும் 0.12 சதவீத குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ். கொப்பளிக்கத் தெரியாத குழந்தைக்குப் பஞ்சில் நனைத்துத் தடவினால் போதும். ஆன்டிபயாடிக் வழக்கமாக அமாக்சிசிலின். டாக்சிசைக்ளின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் பல்லில் கறை ஏற்றக்கூடும் என்பதால் 12 வயதுக்குள் யோசித்தே கொடுப்போம்.

வலிக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 20 கிலோ குழந்தைக்கு 300 மில்லிகிராம். 5 மில்லியில் 250 என்று போட்ட சிரப்பில் அது 6 மில்லி, 120 என்று போட்டதில் 12.5 மில்லி. புட்டி மாறினால் அளவும் மாறும், லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு அறவே ஆகாது. கிராம்புத் தைலத்தை ஈறில் வைத்தால் வெந்துபோகும். முகம் வீங்கி, வீக்கம் கண்ணை நோக்கியோ தாடைக்கு அடியிலோ பரவினால், காய்ச்சலோடு விழுங்கவும் சிரமப்பட்டால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வேர் முனை மூடி முற்றிய பல்லுக்கு இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சை (ரூட் கேனல்) தொடங்க வேண்டும். கம்பி எடுத்ததும் வலி இல்லையே என்று வராமல் இருந்துவிடுபவர்கள் உண்டு. பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக் குழாயும் கொண்ட கூழ் செத்துப்போய், அதில் கிருமி சேர்ந்து வேரையே அரித்துவிடும். முனை இன்னும் திறந்திருக்கும் இளம் பல்லில் ரத்த ஓட்டம் திரும்ப வாய்ப்பிருக்கிறது, அதனால் வேர் சிகிச்சைக்கு அவசரப்படாமல் அடிக்கடி எக்ஸ்ரே எடுத்துக் காத்திருப்போம். அடுத்த பரிசோதனைகளுக்கு வர வேண்டியது நான்காம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, பிறகு குறைந்தது ஐந்து ஆண்டுகள் வருடம் ஒருமுறை.

இத்தனை நாள் எதற்கு என்பதற்குக் காரணம் உண்டு. படலம் செத்த பல் எலும்போடு ஒட்டிக்கொள்ளும். தட்டினால் உலோகம் போல ஒலிக்கும், தாடை வளர வளரப் பக்கத்துப் பற்கள் இறங்க இது மட்டும் மேலேயே நின்று குட்டையாகத் தெரியும். முன்கூட்டிக் கண்டுபிடித்தால் அதன் மேல்பாகத்தை நீக்கி, வேரை உள்ளேயே விட்டு எலும்பின் அகலத்தைக் காப்பாற்றலாம். எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்ப்ளான்ட் வைக்கத் தாடை வளர்ந்து முடிய வேண்டும். அதுவரை கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பல்லில் ஒட்டும் செயற்கைப் பல்லோ (பாலம்) வைத்துச் சமாளிப்போம்.