"அடா காஹாக்?" என்று டாக்டர் கேட்டால்

மலேசியாவின் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் டாக்டர் மலாய் மொழியில் "அடா காஹாக்?" என்று கேட்பார், அதாவது நெஞ்சுச் சளி இருக்கிறதா என்று. நம்மவர்களில் பலர் மூக்கைத் தடவிக்கொண்டே "அடா, அடா" என்று தலையாட்டுவார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடும். தமிழில் மூக்கில் வடிவதும் சளி, தொண்டையில் இறங்குவதும் சளி, நெஞ்சிலிருந்து இருமி வருவதும் சளி. மலாயில் மூக்கில் வடிவது ஹிங்குஸ், சளிக்காய்ச்சல் செல்செமா, நெஞ்சிலிருந்து வருவது மட்டும்தான் காஹாக். பாட்டிமார்கள் கோழை என்று சொன்னதும் அதைத்தான்.

பிரித்துப் பார்ப்பது எளிது. காலையில் தொண்டையைச் செருமினாலே வந்துவிடுவது பெரும்பாலும் மூக்கின் பின்பக்கமாக இரவெல்லாம் வழிந்தது. ஆழமாக இருமி, நெஞ்சுக்குள் கரகரவென்று ஏதோ அசைந்து, அதன் பிறகு வெளியே வருவது கோழை.

பச்சையாக வந்தால் ஆண்டிபயாட்டிக் எடுத்தே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அந்தப் பச்சை கிருமியின் நிறமே அல்ல. கிருமியை எதிர்க்க வரும் வெள்ளை அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதியின் நிறம். சாதாரண வைரஸ் சளிக்கும் அந்த அணுக்கள் வந்து குவியும். இரவில் தேங்கிய கோழை விடியலில் கரும்பச்சையாகவும் மத்தியானம் வெளுத்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள்பட்ட புகைப்பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: வழக்கமான கோழை திடீரென்று அதிகமாகி, நிறமும் மாறி, மூச்சிரைப்பும் கூடினால் அவர்களுக்கு ஆண்டிபயாட்டிக் தேவைப்படலாம்.

டாக்டருக்கு நிறத்தைவிட அதிகம் உதவுவது அளவும் நாளும். ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டியா, அரை கப்பா? அரை கப் கோழை மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் மூச்சுக்குழல்கள் விரிந்து தளர்ந்துபோயிருக்கலாம். அதற்குச் சளி டானிக் பயன்படாது, ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் சில நிறங்களைத் தள்ளிப்போடக் கூடாது. துருப்பிடித்த இரும்பு நிறத்தில் வந்து, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் இருந்தால் நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பில் நுரைநுரையாக வந்து, படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றிருந்தால் அது சளித்தொல்லையே அல்ல. இதயம் திணறி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, உடனே 999. அழுகிய நாற்றம் அடித்தால் நுரையீரலில் சீழ்க்கட்டி இருக்கலாம், சொத்தைப் பல் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கறுப்பாக வந்தால் புகைமூட்டமோ, பூட்டிய அறையில் போட்ட சாம்பிராணியோ காரணமாக இருக்கலாம். காற்று தெளிந்த பிறகும் நாள்கணக்கில் தொடர்ந்தால் காட்டிவிடுங்கள்.

இரத்தம் ஒரு நூலிழை அளவு தெரிந்தாலும் எக்ஸ்ரே எடுப்பது நல்லது. புகைப்பவர், நாற்பது தாண்டியவர் என்றால் கட்டாயம். வெற்றிலை போடுபவர்கள் முதலில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வெள்ளைத் தாளில் துப்பிப் பாருங்கள். பாக்குச் சிவப்பைப் பார்த்து வீடே கலங்குவதும் உண்டு. இரத்தத்தைப் பாக்கு என்று நினைத்து மாதக்கணக்கில் விட்டுவிடுவதும் உண்டு, அதுதான் ஆபத்து.

நெஞ்சு அசௌகரியத்துக்கு வருவோம். ஒரு விரலால் விலாவோரம் அழுத்தினால் அதே வலி அப்படியே வருகிறதா? இருமி இருமித் தசை நொந்திருக்கலாம். மூச்சை இழுக்கும்போது மட்டும் ஊசி குத்துவது போலிருந்தால் நுரையீரல் உறையில் அழற்சி இருக்கலாம். ஒரு கெண்டைக்கால் வீங்கி, திடீரென்று மூச்சும் வாங்கினால் இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம், காத்திருக்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு நாசி கண்டார் (கறிக்குழம்புச் சோறு) சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கைக்குப் போகிறவருக்கு நெஞ்சு எரிந்து, தொண்டையில் ஏதோ ஒட்டியது போல இருந்தால் இரைப்பை அமிலம்தான் பெரும்பாலும் காரணம். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுத்தாலே பாதி குறையும்.

கல்லைத் தூக்கி வைத்தது போல நடுநெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி என்றால் மாரடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும்கூட வரலாம். இந்த ஊரில் இதற்கு ஆங்கின், அதாவது வாயு, என்று பெயர் வைத்து, கோடாலித் தைலம் தேய்த்து, ஏப்பம் வருமா என்று காத்திருக்கும் ஒரு மணி நேரம்தான் மிகவும் விலை உயர்ந்தது. நீங்களே காரோட்டிப் போகாதீர்கள்.

கோழை இல்லாத வறட்டு இருமல் வாரக்கணக்கில் விடவில்லையா? பெரிண்டோபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று மருந்துப் பையைப் பாருங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று மாத்திரை இருக்கிறது.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை. மலாயில் காசநோய்க்குப் பழைய பெயர் பாத்துக் கெரிங், அதாவது வறட்டு இருமல். அந்தப் பெயரை நம்பி "எனக்குத்தான் சளி வருதே" என்று நிம்மதியடைபவர்கள் உண்டு. காசநோயில் கோழை தாராளமாக வரலாம். சாயங்காலக் காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை, எடை இறங்குவது எல்லாம் சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். ஆண்டிபயாட்டிக்குகளில் சில காசநோயைக் கொஞ்ச நாள் அடக்கிவைத்து, கண்டுபிடிப்பதைத் தாமதமாக்கும். அதனால் ஏற்கனவே வாங்கிய மருந்தின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

கோழைப் பரிசோதனைக்குக் கொடுக்கும் பாட்டிலில் பலர் எச்சிலைத்தான் நிரப்பிக் கொடுக்கிறார்கள். காலையில் எழுந்தவுடன், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். வாய் கழுவும் மருந்து வேண்டாம். கழிவறையில் அடைந்துகொள்ளாமல், மற்றவர்கள் இல்லாத திறந்த வெளியில் நில்லுங்கள். இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து விட்டு, அடுத்த மூச்சில் வயிற்றிலிருந்து இருமுங்கள். வரவில்லையென்றால், கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல வாயை அகலத் திறந்து 'ஹா' என்று வேகமாக மூச்சை வெளியே தள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி போதும், ஆனால் கெட்டியாக இருக்க வேண்டும். தெளிந்து நுரையோடு இருந்தால் எச்சில், மறுபடி முயலுங்கள். மூடியை இறுக்கி, அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். பெயரைப் பாட்டிலின் உடம்பில் ஒட்ட வேண்டும். மூடியில் எழுதினால், ஆய்வகத்தில் மூடியைக் கழற்றி வைத்ததும் பாட்டில் யாருடையது என்று தெரியாது.