உபரி ராணுவ வண்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

உபரியாகக் கழிக்கப்பட்ட ராணுவ வண்டி ஒன்றை வாங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசைப்பட்டிருந்தாலும், எதை வாங்குவது என்று முடிவு செய்ய எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. ராணுவ வண்டி எதையும் தாங்கும் என்ற நம்பிக்கையோடுதான் தேடத் தொடங்கினேன். ஆனால் அந்த உறுதிக்குப் பின்னால் ஒரு மெக்கானிக் படையும், உதிரிபாகங்கள் நிறைந்த கிடங்கும், குறித்த நாளில் தவறாமல் நடக்கும் பராமரிப்பும் இருந்தன. வண்டி தனி ஒருவரின் கைக்கு வரும்போது இவை எதுவும் கூட வருவதில்லை. ஆகவே, எது பழுதாகாது என்று கேட்பதை விட்டுவிட்டு, பழுதானால் எதை என்னால் சரிசெய்ய முடியும் என்று பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் மனம் போனது 1941 முதல் 1945 வரை தயாரான வில்லிஸ் எம்பி ஜீப்பின் மீதுதான். 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன் கொண்ட அதன் எஞ்சின் மிக எளிமையானது. உதிரிபாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. முழு உடற்கூடே பிலிப்பைன்ஸில் தயாராகிறது. ஆனால் எது அசல், எது சேர்த்துக் கட்டியது என்று தெரியாமல் போவதால், இந்த வசதியே வாங்குபவருக்கு ஒரு சிக்கலாகவும் ஆகிறது. நான் பார்த்த ஒரு வண்டியை வில்லிஸ் என்றுதான் சொன்னார்கள். அடியில் படுத்துப் பார்த்தபோது, சேஸிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின்) முன் குறுக்குச்சட்டம் உருண்டைக் குழாயாக இல்லாமல், கவிழ்த்து வைத்த தொட்டியைப் போல இருந்தது. அது, அதே ஜீப்பை ஃபோர்டு தயாரித்த வடிவமான ஜிபிடபிள்யூவின் அடையாளம்; சில போல்ட்டுகளின் தலையிலும் 'எஃப்' எழுத்து இருந்தது. ஃபோர்டும் நல்ல வண்டிதான், ஆனால் பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியதற்கு அசல் வண்டியின் விலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தவிர, 6 வோல்ட் மின்சாரமும், எழுபது கிலோமீட்டர் வேகத்திலேயே திணறும் எஞ்சினும் நெடுஞ்சாலைப் பயணத்துக்குப் போதாது.

இந்த ஜீப்பின் வழிவந்த எம்151ஐ விரைவிலேயே விலக்கினேன். அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடற்கூடே தாங்குசட்டம். ஆரம்ப கால வண்டிகள் அவற்றின் பின்சக்கர அமைப்பால் வேகமான திருப்பங்களில் கவிழக்கூடியவை என்பதால், கழிக்கப்பட்டவற்றில் பலவற்றை வெட்டியே விற்றார்கள். வெட்டியதை மீண்டும் பற்றவைத்த வண்டியில் என் குடும்பத்தை ஏற்ற நான் தயாராக இல்லை.

எம்35ஏ2 என்னும் இரண்டரை டன் லாரியை ஓட்டிப் பார்த்த நாளை மறக்க முடியாது. டீசல், மண்ணெண்ணெய் எனப் பல எரிபொருள்களில் ஓடும் 7.8 லிட்டர் எஞ்சின் சாவியே இல்லாமல் உடனே உயிர்பெற்றது; டர்போவின் சீழ்க்கை ஒலி தனி அழகு. எஞ்சினைப் பொறுத்தவரை நான் பார்த்தவற்றில் இதுவே மிக நம்பகமானது என்பேன். என்னைத் தயங்க வைத்தது பிரேக். ஏறக்குறைய 6 டன் எடையுள்ள அந்த வண்டிக்கு மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, எண்ணெய்ச் சுற்றும் ஒன்றே. ஆறு சக்கர இடங்களில் எங்கே ஒரு சீல் கிழிந்தாலும் மிதி தரைவரை போய்விடும். பிறகு கைபிரேக்கை மட்டுமே நம்ப வேண்டும். இதை வைத்திருந்த பெரியவர் எல்லா ஹோஸ்களையும் மாற்றி, ஆண்டுதோறும் சக்கர சிலிண்டர்களைத் திறந்து பார்ப்பதாகச் சொன்னார். அந்த உழைப்பைத் தர முடிந்தவர்களுக்கே அது உரிய வண்டி. ஜெர்மானிய லாரியான யூனிமாக் 404இன் போர்ட்டல் அச்சுகள், அதாவது சக்கர மையத்தைவிட உயரத்தில் அமைந்த அச்சுகள், கரடுமுரடான நிலத்தில் ஈடிணையற்றவை. ஆனால் அதன் 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சாலையில் ஓயாமல் அலறியது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டியின் அகலம் ஏறக்குறைய 2.2 மீட்டர், அது என் வாசலிலேயே நுழையாது.

கடைசியில் வாங்கியது எம்1009. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட ஷெவ்ரோலே பிளேசர் வண்டியை அடிப்படையாகக் கொண்டு 1980களின் நடுவில் ராணுவத்துக்காகச் செய்தது, 6.2 லிட்டர் டீசல் எஞ்சின், தானியங்கி கியர்பாக்ஸ். இதன் சகோதர வண்டியான எம்1008இன் அச்சு விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, அச்சுக்கு வரும் தண்டு சுற்ற வேண்டிய எண்ணிக்கை) 4.56 என்பதால் அது சுமை இழுக்கும், ஆனால் வேகம் எடுக்காது. எம்1009இன் விகிதம் 3.08, ஆகவே மற்ற வண்டிகளுக்கு இணையாக ஓடுகிறது. பெரும்பாலான பாகங்கள் சாதாரண உதிரிபாகக் கடையிலேயே கிடைக்கின்றன.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. மூன்றாவது வாரத்திலேயே அதைச் சந்தித்தேன். குளிர்ந்த காலையில் எஞ்சின் சுழன்றது, பற்றவில்லை. குளிரில் டீசல் பற்ற உள்ளே சூடேற்றித் தரும் எட்டு க்ளோ பிளக்குகளில் ஐந்து எரிந்து வீணாகியிருந்தன. இவ்வண்டியில் இரண்டு பேட்டரிகள் சேர்ந்து 24 வோல்ட் தருகின்றன. ஸ்டார்ட்டர் அதில் இயங்க, 12 வோல்ட் பிளக்குகளுக்கு அந்த மின்சாரமே ஒரு மின்தடைத் தொகுப்பின் வழியாகக் குறைந்து வருகிறது. ஒரு பிளக் எரிந்தால் மொத்த மின்னோட்டம் குறைகிறது; மின்தடையில் இழப்பு குறைவதால் மீதமுள்ளவற்றுக்கு மின்னழுத்தம் கூடுகிறது; அவையும் ஒவ்வொன்றாக எரிகின்றன. பிளக்குகளுக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் பழைய ரிலே ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டதும் சேர்ந்து, இரண்டு பிளக்குகளின் நுனி வீங்கிவிட்டது. நுனி ஒடிந்து உள்ளே விழுந்தால் சிலிண்டர் ஹெட்டையே கழற்ற நேரிடும் என்பதால், எண்ணெய் விட்டு, சிறிது சிறிதாகத் திருப்பி, மூன்று மாலைப்பொழுதுகள் செலவிட்டு அவற்றை எடுத்தேன்.

பிறகு மின்தடைத் தொகுப்பை விலக்கி, எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்துள்ள பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டை நேராகக் கொடுத்து, புதிய ரிலேயை ஒரு பொத்தானால் இயக்கும்படி மாற்றினேன். தானே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வகைப் பிளக்குகளைப் பொருத்தினேன். அதன்பின் இரண்டு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. ஒரு காலைகூட வண்டி அடம்பிடிக்கவில்லை. இதில் பேட்டரிக்கு மின்னேற்றம் செய்யும் ஆல்டர்னேட்டரும் இரண்டு, அவற்றுக்கு முன்பலகையில் விளக்கும் இரண்டு. சென்ற மாதம் இரண்டாவது விளக்கு மங்கலாக எரியத் தொடங்கியிருப்பதால், அந்த ஆல்டர்னேட்டரைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன்.