மார்பு திரும்ப அமைக்கறதுக்கு முன்னாடி எடுக்குற சிடி ஆஞ்சியோ பத்தி

மார்பக புத்துநோய் ட்ரீட்மென்ட் முடிச்சவங்ககிட்ட இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னா வயித்த கலக்கத்தான் செய்யும். எங்க அக்கா மார்ப திரும்ப அமைக்குற ஆபரேஷனுக்கு சரின்னு சொல்லிட்டு வந்தா, சீட்டுல சிடி ஆஞ்சியோன்னு எழுதியிருந்தத பாத்ததும் "மறுபடியும் ஏதோ இருக்குன்னு சந்தேகப்படறாங்களாடி"ன்னு கேட்டா. சிடி ஆஞ்சியோங்கறது ஊசில மருந்து ஏத்தி ரத்தக்குழாய படம் புடிக்கற ஸ்கேன். அது கட்டிய தேடறதுக்கு இல்லங்க, அவ வயித்துல இருக்குற நல்ல ரத்தக்குழாய் எதுன்னு தேடறதுக்கு. இத யாராவது உக்காந்து சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரி நிம்மதியா தூங்கியிருப்பா, அதுக்காகத்தான் இந்த போஸ்ட்.

அடிவயித்துல இருந்து தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பா அமைக்கறாங்க, இதுக்கு பேரு டீப் ஃப்ளாப். இதுக்கு முன்னாடி ட்ராம்னு ஒரு முறை இருந்துச்சு, இப்பவும் சில இடத்துல பண்றாங்க, அதுல வயித்து தசையையும் சேத்து எடுக்கறதால பின்னாடி வயிறு பலவீனமாகி ஹெர்னியா (குடல் பிதுங்கறது) வர்ற வாய்ப்பு கூடுதல். 1989ல ஜப்பான்ல கோஷிமாவும் சோயடாவும் தசைய அங்கயே விட்டுட்டு குழாய மட்டும் பிரிச்சு எடுக்கலாம்னு காட்டுனாங்க, 1994ல அமெரிக்காவுல ராபர்ட் ஆலன் அத மார்பக ஆபரேஷனுக்கு பண்ணி எழுதினாரு.

இப்ப ஸ்கேன் எதுக்குன்னா, தொடை இடுக்குகிட்ட இருந்து ஒரு ரத்தக்குழாய் கிளம்பி வயித்து தசைக்கு பின்னாடி மேல ஏறும், அதுலேர்ந்து சின்ன சின்ன கிளை தசைய துளைச்சுகிட்டு கொழுப்புக்கும் தோலுக்கும் வரும், அதத்தான் பெர்ஃபரேட்டர்னு சொல்றாங்க. பெருசுன்னு சொல்றதே ஒன்னு ஒன்னரை மில்லிமீட்டர்தான்! ஒருத்தருக்கு தசைக்கு பின்னாடி ஏறுற அந்த குழாய் ஒரே தண்டா போகும், இன்னொருத்தருக்கு ரெண்டா பிரியும், சிலருக்கு மூணா பிரியும், ஒரே உடம்புலயே வலது பக்கம் ஒரு மாதிரி இடது பக்கம் ஒரு மாதிரி இருக்கும். வயித்துலேர்ந்து எடுக்குற அவ்ளோ பெரிய துண்டும் உயிரோட இருக்கறது அந்த ஒன்னோ ரெண்டோ கிளைய நம்பித்தான், அந்த குழாய நெஞ்செலும்பு ஓரமா விலா எலும்புக்கு பின்னாடி ஓடுற குழாயோட மைக்ராஸ்கோப் வச்சு தைக்கறாங்க. அதனால எந்த கிளைய எடுக்கணும்ங்கறது சின்ன முடிவு இல்ல.

பேனா மாதிரி இருக்குற டாப்ளர (ரத்த ஓட்டத்த சத்தமா கேக்க வைக்கற கருவி) வயித்து மேல வச்சு சத்தம் கேட்டு கண்டுபிடிக்கறது பழைய வழி, இப்பவும் ஆபரேஷன் அன்னைக்கு வச்சு சரிபாக்கறாங்க. ஆனா குழாய் எவ்ளோ தடிமன், தசைக்குள்ள நேரா வருதா இல்ல வளைஞ்சு நெளிஞ்சு ரொம்ப தூரம் ஓடுதா, இதெல்லாம் அந்த சத்தத்துல தெரியாது. சிடில தெரியும். தசைக்குள்ள கொஞ்ச தூரமே ஓடுற, தடிமனான கிளை கெடச்சா தசைய ரொம்ப பிரிக்க வேண்டியதில்ல, ஆபரேஷன் நேரமும் கொறையுது. ரிப்போர்ட்ல தொப்புள நடுவா வச்சு இத்தன சென்டிமீட்டர் வலது, இத்தன சென்டிமீட்டர் கீழன்னு எழுதி இருக்கும், அத பாத்து சர்ஜன் வயித்துல மார்க்கர்ல புள்ளி வைப்பாரு.

ஸ்கேனுக்கு போறவங்களுக்கு சில விஷயம். கிட்னி எப்படி இருக்குன்னு பாக்க முன்னாடியே கிரியேட்டினின் டெஸ்ட் கேப்பாங்க, அயோடின் மருந்து ஊசில போடறதால அலர்ஜி இருந்தா மறைக்காம சொல்லிருங்க, சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறவங்களும் சொல்லணும். அக்குள்ல நெறிக்கட்டி எடுத்த பக்கத்து கைல ஊசி போடாம அடுத்த கைல போட சொல்லி கேளுங்க, கேக்கறதுக்கு கூச்சமே படாதீங்க. வயித்த இறுக்குற எலாஸ்டிக் எதுவும் வேணாம், ஆபரேஷன்ல எப்படி படுப்பாங்களோ அப்படியே மல்லாக்க படுக்கணும், குழாய் அமுங்கிட்டா படத்துல சரியா விழாது. மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடா ஓடும், ஒன்னுக்கு போயிட்ட மாதிரியே இருக்கும், அக்கா இதுக்குதான் ரொம்ப பயந்தா, கொஞ்ச நேரத்துல அதுவா போயிரும். படம் எடுக்கற நேரம் சில நொடிதான்.

சிசேரியன் ஆனவங்களுக்கு முடியாதுன்னு நெனச்சு பலபேர் கேக்காமலே விட்டுடறாங்க, அது எனக்கு ரொம்ப வருத்தம். அந்த தழும்பு மேலாக ஓடுற குழாய வெட்டியிருக்கலாம், ஆழத்துல இருக்கறது பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும், இருக்கா இல்லையான்னு இந்த ஸ்கேனே சொல்லிடும். வயித்துல தோதான குழாய் இல்லன்னு தெரிஞ்சாலும் தொடைலேர்ந்தோ பின்பக்கத்துலேர்ந்தோ எடுக்குற வழி இருக்கு, மயக்க மருந்து குடுத்து வயித்த திறந்த பிறகு அது தெரியறதுக்கு இப்பவே தெரியறது எவ்வளவோ மேல். ரேடியேஷன் வேணாம்னா சில இடத்துல காந்தத்த வச்சு எடுக்கற எம்ஆர் ஆஞ்சியோவும் எடுக்கறாங்க.

ஸ்கேன் முடிஞ்சதும் ரிப்போர்ட் பேப்பரோட நிறுத்தாம படம் பதிஞ்ச டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கோங்க, சர்ஜன் அவரே கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ஸ்லைஸா தள்ளி பாக்கணும். எந்த குழாய எடுக்கப் போறீங்க, அது சரிவரலன்னா அடுத்தது எதுன்னு அவர்கிட்டயே கேளுங்க, ஸ்க்ரீன்ல காட்ட சொல்லுங்க.