தூக்கணாங்குருவி நோட்டு: பாதிக் கூட்டில் என்ன நடக்கிறது?

இந்தப் பருவம் முழுக்க, பாதி கட்டிய கூடுகளை மட்டும் கவனித்து வருகிறேன். எங்கள் வயல் கிணற்றின் மேல் சாய்ந்து நிற்கும் ஈச்ச மரம்தான் களம். நெல் முழங்கால் உயரம் வந்தபோது ஆண் குருவிகளுக்கு உச்சந்தலை மஞ்சளாகி, முகம் கறுத்துவிட்டது. மற்ற நாட்களில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் தெரியும். நோட்டில் மரத்தை வரைந்து, கூட்டுக்கு ஓர் எழுத்து கொடுத்திருக்கிறேன்.

நார் கிழிப்பதைப் பைனாகுலரில் தெளிவாகப் பார்த்தது பெரிய சந்தோஷம். நெல் தாளின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வைக்கிறது. அந்த முனையைக் கவ்விக்கொண்டு பறக்க, தாள் நீளமாகக் கிழிந்து கூடவே வந்துவிடுகிறது. ஒரு கூட்டுக்கு 500 நடை வரை ஆகுமாம்.

கூடு கவிழ்த்த ஹெல்மெட் வடிவத்துக்கு வந்ததும் ஆண் வேலையை நிறுத்திவிடுகிறது. நடுவில் குறுக்கே ஒரு பட்டை. ஒரு பக்கம் முட்டை அறை, மறுபக்கம் வாசல். இந்தக் கட்டத்தில்தான் ஈரமண்ணைக் கொண்டுவந்து உள்சுவரில் அப்புகிறது. மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்று ஊரில் சொல்வார்கள்; நான் பார்த்தவரை மண் மட்டும்தான். காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க அது பாரம் என்பது ஒரு விளக்கம்.

ஒரு பெண் குருவி வந்து உட்கார்ந்தால் போதும், மரமே அதிர்கிறது. அத்தனை ஆண்களும் அவரவர் கூட்டின் அடியில் தொங்கி, சிறகை அடித்து, ஒரே நேரத்தில் கத்துகின்றன. அவள் கூடு கூடாக ஏறிப் பார்க்கிறாள். 'உ' கூட்டுக்குள் போய், நார்களை அலகால் இழுத்துப் பார்த்துவிட்டு வெளியேறினாள். கட்டியவன் மறுபடி சிறகை அடித்தான். அவள் திரும்பவில்லை. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. அவ்வளவு நெருக்கமான பின்னல் அது.

'எ' கூடு அவளுக்குப் பிடித்துவிட்டது. அப்புறம்தான் அந்த ஆண் முட்டை அறையை மூடி, வாசல் குழாயைக் கீழே நீட்டிப் பின்னியது. அவள் உள்ளே குடியேற, அது பக்கத்துக் கிளையில் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிட்டது. அடைகாப்பது அவள் மட்டும்தான்.

பின்னலின் நேர்த்தியைவிடக் கூடு தொங்கும் இடத்தைத்தான் பெண் அதிகம் பார்க்கிறாள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. 'உ' கரைப்பக்கம், 'எ' நேராகத் தண்ணீருக்கு மேல். இதை வைத்து எதுவும் முடிவு கட்ட முடியாது. ஆனால் இனி இரண்டு பக்கத்துக் கூடுகளையும் தனித்தனியாகக் குறிக்கப் போகிறேன்.