பிணையாள் தேவைப்படாத வழி

2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலங்கையின் வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியை விட்டு வெளியேற முறையான வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. புலிகள் இயக்கத்திடம் விண்ணப்பித்துப் பாஸ் வாங்கிக்கொண்டு ஓமந்தை வழியாக வவுனியாவுக்குப் போகலாம். அங்கிருந்து மேலே செல்ல அரசாங்கத் தரப்பின் அனுமதியும் வேண்டும். ஆனால் முதல் பாஸுக்கே வீட்டில் ஒருவர் பிணை நிற்க வேண்டியிருந்தது; போனவர் திரும்பாவிட்டால், நின்றவர்தான் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு பிள்ளை இயக்கத்தில் சேர வேண்டும் என்ற நிபந்தனை ஏற்கெனவே தலைக்கு மேல் நின்ற அந்தக் காலத்தில், பதினேழு வயதை நெருங்கிக்கொண்டிருந்த மகனைப் பிணையாக நிறுத்திவிட்டு எங்கே போவது? நாங்கள் இந்தியாவுக்குக் கடல் வழியைத் தேர்ந்ததற்குக் காரணம் துணிச்சல் அல்ல. நால்வரும் ஒன்றாகப் போகக்கூடிய வேறு வழி கிடையாது.

ஆயத்தம் செய்வதைவிட, ஆயத்தம் செய்வது தெரியாமல் இருப்பதுதான் கடினமாக இருந்தது. ஆட்டையோ சைக்கிளையோ விற்றால் ஊர் கேள்வி கேட்கும். கிராம சேவகரிடம் புதிதாகக் கடிதம் வாங்கினாலும் அப்படியே. ஆகவே எதையும் விற்காமல், பிள்ளைகளைப் புறப்படும் நாள் வரையிலும் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் அடையாள அட்டைகளையும் பொலித்தீனில் சுற்றி என் உள்பாவாடையில் வைத்துத் தைத்துக்கொண்டேன். வள்ளத்து ஓட்டிக்குக் கூலியாகத் தாலிக்கொடி போயிற்று. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாக இருந்ததால் அவர் கேட்ட விலை அநியாயம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழும்பிவிட்டால் சிறிய வள்ளம் தாங்காது என்பதால், அதற்கு முன்பாகவே, நிலா இல்லாத இரவொன்றில் இலுப்பைக்கடவைக்கு அருகிலிருந்து புறப்பட்டோம்.

கடலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கடற்படையின் வெளிச்சம் தெரிந்த போதெல்லாம் இயந்திரத்தை நிறுத்தி மிதந்தோம். எல்லோரும் வாந்தி எடுத்தோம்.

விடிவதற்கு முன் ஓட்டி எங்களை கடல் நடுவே ஒரு மணல் திட்டில், நாங்கள் தீடை என்போம், இறக்கிவிட்டு, "அக்கா, இது இந்தியாப் பக்கம், பயப்படாதேங்கோ, விடிஞ்சதும் ஆள் வரும்" என்று சொல்லித் திரும்பிவிட்டார். தலைமன்னாருக்கும் அரிச்சல்முனைக்கும் இடையில் சிதறிக் கிடக்கும் அந்தத் தீடைகளில் சில இந்தியாவுக்கும் சில இலங்கைக்கும் உரியவை. இலங்கைத் தீடையில் இறக்கப்பட்டவர்கள் குடிநீர் இல்லாமல் கிடந்து தவித்த கதைகளை முகாமில் பலரிடம் பின்னர் கேட்டேன். ஓட்டி சொன்னது உண்மையாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். வெயில் ஏறிய பிறகு ராமேசுவரத்து மீனவர்கள் சிலர் எங்களைக் கண்டு தண்ணீரும் பழைய சோறும் கொடுத்து, கரைக்குத் தகவலும் அனுப்பினார்கள்.

அடுத்தது விசாரணை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதும், ஆகவே சட்டத்தின் கண்ணில் நாங்கள் கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்த வெளிநாட்டவர்தாம் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பெயர், ஊர், புறப்பட்ட இடம், ஓட்டியின் அடையாளம் என்று எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டு, விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மகனை மட்டும் வேறு அறைக்கு அழைத்துச் சென்றார்கள். ஆயுதப் பயிற்சி பெற்றவர் என்ற சந்தேகம் விழுந்தால் குடும்பத்திலிருந்து பிரித்துச் செங்கல்பட்டுச் சிறப்பு முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். எதற்குப் பயந்து கடலைக் கடந்தோமோ, அந்தப் பிரிவு இந்தக் கரையிலும் வந்து நின்றது. அவன் வயதுக்கு மீறி உயர்ந்த பிள்ளை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் நனையாமல் கையில் இருந்ததுதான் அன்று காப்பாற்றியது என்று இன்றும் நம்புகிறேன்.

மண்டபம் அகதிகள் முகாமில் எங்களைப் பதிவு செய்தார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நிறுத்தி நோய்ப் பரிசோதனை செய்த இடம் அது. அவர்கள் போன வழியில் நாங்கள் எதிர்த்திசையில் வந்து அதே மண்ணில் தங்கினோம். பதிவு அட்டையில் நால்வர் பெயரும் ஒன்றாக ஏறிய பிறகு உதவித்தொகையும், கிலோ 57 பைசாவுக்கு அரிசியும் கிடைத்தன. அந்த அட்டைக்கும் நிபந்தனை உண்டு: தணிக்கை நாளில் குடும்பத்தில் ஒவ்வொருவரும் நேரில் வந்து முகம் காட்ட வேண்டும், வராதவரின் பெயரில் உதவி நிற்கும், பெயரே நீக்கப்படவும் கூடும். மகன் வெளியூரில் பெயின்ட் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அந்த நாளில் அவனை முகாமுக்கு வரவைப்பது எங்கள் வீட்டின் நிரந்தரக் கவலையாயிற்று. கூலியை விட்டுவிட்டு இரவுப் பேருந்தில் வந்து, வரிசையில் எங்களோடு நின்று, அன்றே திரும்புவான்.