ப்ளக்இன் தகவல் கருவி வெளியிட்ட அனுபவம்: நான் அடிபட்ட இடங்கள்

கருவியை எழுத நான்கு மாதம் ஆனது. அதில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வேர்ட்பிரஸ் என்பது இணையதளம் கட்டும் மென்பொருள், ப்ளக்இன் என்பது அதில் கூடுதல் வசதி சேர்க்கும் சிறு நிரல். என் கருவி வேர்ட்பிரஸ் ப்ளக்இன் தளத்தின் ஏபிஐயை (நிரல்கள் தகவல் எடுப்பதற்கான வழி) தினமும் படித்து, நிறுவல் எண்ணிக்கை, பதிவிறக்கம், ரேட்டிங், சப்போர்ட் கேள்விகள் எல்லாவற்றையும் சேமித்து வரைபடமாகக் காட்டும். நானும் இரண்டு ப்ளக்இன் வைத்திருக்கிறேன். 2022இல் அந்தத் தளத்தில் இருந்த வளர்ச்சி வரைபடத்தை எடுத்துவிட்ட பிறகு, நம் ப்ளக்இன் ஏறுகிறதா இறங்குகிறதா என்றே தெரியாமல் தவித்தவர்களில் ஒருவன். அதனால் இது தேவை என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்ததே இல்லை. சிக்கல் எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் பணம் வாங்கும் வசதி. சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவு ஆதாரை வைத்து அரை மணி நேரத்தில் முடிந்தது. (அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளங்களும் தேடலில் வரும். அரசு முகவரிதானா என்று பார்த்து நுழையுங்கள்.) பேமென்ட் நிறுவனம்தான் முகவரிச் சான்றில் பிடித்துக்கொண்டது. எங்கள் வீடு பள்ளத்தூரில். ஐயாவின் ஐயா கட்டியது, இன்னும் பாகம் பிரிக்கவில்லை. வரி ரசீது அவர் பெயரில், கரண்ட் பில் சென்னையில் இருக்கும் பெரியப்பச்சி (அப்பாவின் அண்ணன்) பெயரில். என் பெயரில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. மூன்று முறை திருப்பினார்கள். மூன்று முறையும் ஒரே வரி: 'ஆவணம் பொருந்தவில்லை.' எது பொருந்தவில்லை என்று கேட்டால் பதில் இல்லை. வங்கி ஸ்டேட்மென்ட் போதும் என்று அவர்களுடைய ஆள் ஒருவர் சாட்டில் சொன்னதை நம்பி காரைக்குடிக்குப் போனேன். மேனேஜர் கையெழுத்து வேண்டுமாம், மேனேஜர் லீவாம். மறுநாள் திரும்பவும் பஸ் ஏறிப் போய் வாங்கி அனுப்பினால் அதே வரிதான் வந்தது.

கடைசியில் பெரியப்பச்சி படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) ஊருக்கு வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். பட்டாலையில் உட்கார்ந்தபடியே, இந்த முகவரியில் நான் தொழில் நடத்த ஆட்சேபணை இல்லை என்று பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அதையும் கரண்ட் பில்லையும் சேர்த்துப் போட்டேன், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆறு வாரம் போனது போனதுதான். பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டிலிருந்து தொழில் தொடங்குகிறவர்கள் இந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

டொமைனிலும் (தளத்தின் இணைய முகவரி) காசு வீணானது. 'வேர்ட்பிரஸ்' என்ற முழுச் சொல்லைச் சேர்த்து வாங்கிவிட்டேன். அவர்களுடைய டிரேட்மார்க் விதிப்படி டொமைன் பெயரில் அந்தச் சொல் வரக் கூடாது. லோகோவெல்லாம் முடிந்த பிறகு நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

வெளியீட்டுக்கு, புதுக் கருவிகளை அறிமுகப்படுத்தும் ப்ராடக்ட் ஹன்ட் தளத்தைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே நாள் தொடங்குவது அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவு கடந்து ஒரு நிமிடத்தில். அவர்களுடைய கோடைக்காலத்தில் நமக்கு மதியம் 12.31. அன்று எங்கள் பகுதியில் மாதப் பராமரிப்பு மின்தடை, காலை 9 முதல் மாலை 5 வரை. முந்தின நாள் பேப்பரில் வந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. இன்வெர்ட்டரில் லேப்டாப் ஓடியது, பிராட்பேண்ட் வரவில்லை. வளவுக்குள் போன் சிக்னல் நிற்காது, சுவர் அவ்வளவு கனம். தெருத் திண்ணைக்கு வந்து ஹாட்ஸ்பாட் போட்டேன். வெயிலில் திரை தெரியவில்லை. அப்பத்தா ஒரு பழைய வேட்டியைக் கொண்டுவந்து இரண்டு தூணுக்கும் நடுவில் கட்டிவிட்டார். ஐந்து மணி வரை அந்த நிழலில் உட்கார்ந்து வந்த கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதினேன்.

அந்த வாரம் 41 பேர் கணக்கு தொடங்கினார்கள். கருத்துக் கேட்டு எல்லோருக்கும் எழுதினேன். வந்ததெல்லாம் 'சூப்பர்', 'நல்லா இருக்கு'. அதை வைத்து ஒரு பொத்தானைக்கூட மாற்ற முடியாது. தப்பு என் கேள்வியில்தான் இருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் மரியாதைக்குத்தான் பதில் வரும். அப்புறம் கேள்வியை மாற்றினேன்: கடைசியாக எந்தப் ப்ளக்இன்னைத் தேடினீர்கள், பார்த்த பிறகு என்ன செய்தீர்கள்? கூடவே, சம்மதித்தவர்களிடம் திரையைப் பகிரச் சொல்லி, வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரைக்காரர் ஒருவர், நான் மூன்று வாரம் இழைத்துச் செய்த ஒப்பீட்டுப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. நேராகப் போட்டி ப்ளக்இன்னின் சப்போர்ட் எண்ணுக்குப் போனார். கடைசி இரண்டு மாதத்தில் வந்த கேள்விகளில் எத்தனை தீர்ந்தன என்று தளமே தரும் எண் அது. நான் ஓரத்தில் சிறிதாகப் போட்டு வைத்திருந்தேன். "பாருங்க, கேள்விக்குப் பதிலே போடல. நமக்கு இங்கதான் இடம்" என்றார். அன்று ராத்திரியே அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

பெரிய அடி ஒன்பதாம் நாள் விழுந்தது. ஜெர்மனியில் ப்ளக்இன் விற்கும் ஒருவர் வீடியோ காலில் வந்தார். அவருடைய ப்ளக்இன் மூன்று மடங்கு வேகத்தில் வளர்கிறது என்று என் கருவி காட்டுகிறது. அவர் விற்பனையோ அந்த மாதம் இறங்கியிருக்கிறது. எது சரி என்று கேட்டார். நடந்தது இதுதான். வேர்ட்பிரஸ் தளம் நிறுவல் எண்ணிக்கையைத் துல்லியமாகத் தருவதில்லை. 11,000 இருந்தாலும் 19,000 இருந்தாலும் '10,000+' என்றே காட்டும். நடுவில் இருப்பதை நான் பதிவிறக்கத்தை வைத்துக் கணித்திருந்தேன். ஆனால் பழைய தளங்கள் அப்டேட் செய்வதும் பதிவிறக்கமாகவே எண்ணப்படும். அவர் அந்த மாதம் மூன்று பதிப்பு விட்டிருந்தார். அதைத்தான் நான் வளர்ச்சி என்று பச்சையில் வரைந்து காட்டியிருக்கிறேன். ஒருவர் அதை நம்பி ஆள் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பச்சி (அப்பா) முப்பது வருஷம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். காலையில் திரையைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுல எண்ணுனது எது, நீயாப் போட்டது எது?" என்று கேட்டார். திரையில் இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே தடிமனில் இருந்தன.

இப்போது தளம் தரும் எண் அழுத்தமான கோடு, என் கணிப்பு புள்ளிக்கோடு. புதுப் பதிப்பு வெளியான நாளும் அதற்கடுத்த சில நாட்களும் கணிப்பில் சேராது. இதை மாற்ற இரண்டு நாள்தான் ஆனது. மாற்றிய பிறகு 41 பேருக்கும், முதல் பத்து நாள் நீங்கள் பார்த்த வளர்ச்சிக் கோடு தவறு, அதை வைத்து ஏதாவது முடிவெடுத்திருந்தால் மறுபடி பாருங்கள் என்று எழுதினேன். அந்த மெயிலை அனுப்பத்தான் கை வரவில்லை. ஆறு பேர் கணக்கை மூடினார்கள். ஜெர்மன்காரர் புதிய வரைபடத்தில் தன் இறக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு வருடச் சந்தா கட்டினார்.