கிரயம் முடிந்த பின் வந்த வக்கீல் பில்

கீழக்கரையில் வாங்கிய வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறிப் பல மாதங்கள் கழித்து, எங்கள் கிரயத்தைப் பார்த்துக் கொடுத்த வக்கீலிடமிருந்து தபாலில் ஒரு பில் வந்தது. பேசிய கட்டணத்தைப் பத்திரம் பதிவான அன்றே அவருடைய குமாஸ்தாவிடம் கொடுத்து ரசீதும் வாங்கியிருந்தோம். புதிய பில்லில் 'கூடுதல் சட்டப்பணி', 'இதர செலவுகள்' என இரண்டே வரிகள். தேதியும் இல்லை, எந்த வேலைக்கு எவ்வளவு என்ற விவரமும் இல்லை.

வீடு வாங்குகிறவர் பதிவு நாளை மனத்தில் வைத்தே பணத்தைத் திரட்டுகிறார். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், பத்திர எழுத்தரின் கூலி என எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும்போது, வக்கீலின் கணக்கு மட்டும் கைப்பணம் கரைந்த பிறகு வருவது நியாயமில்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

விவரம் கேட்டுக் கடிதம் எழுதினேன். வந்த பதிலைப் படித்தபோது, உழைப்பு உண்மையானது என்பது தெரிந்தது. இந்தக் கரையோர ஊர்களில் பங்காளிகளில் ஒருவராவது வளைகுடா நாட்டிலோ மலேசியாவிலோ இருப்பார். எங்களுக்கு விற்றவரின் தம்பி துபாயில் இருந்து அனுப்பிய பவர் பத்திரத்தை, அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரையிட வைத்தாக வேண்டும். அதற்காக வக்கீல் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்திருக்கிறார். இணையத்தில் கிடைக்காத, 1975-க்கு முந்தைய வில்லங்கத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத் தேடி எடுத்திருக்கிறார். தம்பியின் பங்கு முறையாக வந்து சேராதிருந்தால் வீடு நாளை வழக்கில் நின்றிருக்கும் என்பதால், அந்த வேலைகளுக்கான தொகையை மனநிறைவோடு கொடுத்தேன்.

மனத்தை வருத்தியது வேறொன்று. மூலப்பத்திரங்கள் வக்கீல் அலுவலகத்திலேயே இருந்தன. அவற்றைக் கேட்கப் போனபோது குமாஸ்தா, "பில்லை முடிச்சிட்டு வந்து வாங்கிக்குங்க சார்" என்றார். கட்டண பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களை வழக்கறிஞர் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு வக்கீலுக்கே நேராக எழுதிய பிறகு, பத்திரங்கள் ஒன்று குறையாமல் வந்து சேர்ந்தன. கேட்பதையெல்லாம் எழுத்தில் கேட்பது நல்லது; ஏனெனில் வழக்கறிஞரின் பணி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என 2024-இல் அதே நீதிமன்றம் கூறிவிட்டதால், நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்ட இயலாது.

'இதர செலவுகள்' என்ற வரி மட்டும் இன்னும் தீரவில்லை. ரசீதுகளைக் காட்டினால் அந்த வாரமே கொடுத்துவிடுவதாகவும், காட்டாத செலவுக்குப் பணம் தர இயலாது என்றும் அவருக்குத் தெரிவித்திருக்கிறேன்.